உரிமம் புதுப்பிக்க இணையவழித் தொடர்கல்வி: முதல் முறை செய்பவர்களுக்கு

செவிலியர், மருந்தாளுநர், மருத்துவர், பொறியாளர், கணக்காளர், காப்பீட்டு முகவர் என்று உரிமம் வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு நாள் அந்த மின்னஞ்சல் வந்து சேரும். உங்கள் உரிமம் இன்ன தேதியில் காலாவதியாகிறது, தேவையான தொடர்கல்வியை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள் என்று அதில் இருக்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருக்கும். உடனே இணையத்தில் தேடுவோம். இன்றே முடித்துவிடலாம், எல்லா இடத்திலும் செல்லும் என்று கூப்பிடும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஏதோ ஒன்றில் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

நானும் முதல் சுற்றில் அப்படித்தான் செய்தேன். 16 மணி நேரப் பாடம் ஒன்றை விடுமுறை நாட்களில் உட்கார்ந்து முடித்தேன். அப்புறம்தான் விதியைப் படித்தேன். அதில் பாதி நேரம்தான் எனக்குக் கணக்கில் சேரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மீதிப் பாதியை நேரலை வகுப்பில்தான் எடுத்திருக்க வேண்டும். பாடத்தில் ஒரு குறையும் இல்லை. நான்தான் தலைகீழாகப் போயிருக்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டியை முடிவிலிருந்து தொடங்குகிறேன். நாளைக்கு உரிமம் தரும் அலுவலகத்தில் ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்தால் எதைத் தேடுவார்? அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாடத்தை அப்புறம் தேடலாம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே விஷயத்தை மருத்துவர்கள் சிஎம்இ என்பார்கள், கணக்காளர்கள் சிபிஇ என்பார்கள், அமெரிக்கப் பொறியாளர்கள் பிடிஎச் என்று எண்ணுவார்கள், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சிபிடி என்று வழங்கும். நான் இங்கே எல்லாவற்றையும் தொடர்கல்வி என்றே சொல்கிறேன். உரிமம் தருகிற அமைப்பு உங்களுக்குக் கவுன்சிலாக இருக்கலாம், கழகமாக இருக்கலாம். இங்கே வாரியம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

உரிமம் காலாவதியாகும் தேதி ஒன்று. தொடர்கல்விச் சுற்று (தேவையான மணி நேரத்தைப் படித்து முடிக்க வாரியம் தரும் காலம்) தொடங்கி முடியும் தேதி இன்னொன்று. பல இடங்களில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. காலாவதித் தேதியும் ஆளுக்கு ஆள் மாறும். உதாரணத்துக்கு, கலிஃபோர்னியாவில் பதிவு பெற்ற செவிலியரின் உரிமம் 2 ஆண்டுக்கு ஒரு முறை, அவர் பிறந்த மாதத்துக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாளில் முடியும். பக்கத்தில் வேலை செய்பவருக்கு டிசம்பர் என்பதற்காக உங்களுக்கும் டிசம்பர் என்று நினைத்துவிட வேண்டாம். வாரியத்தின் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்த்தால் தேதி தெரிந்துவிடும்.

முதல் சுற்றுக்கு விலக்கு உண்டா என்பதையும் இங்கேயே பாருங்கள். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்குச் சில வாரியங்கள் முதல் புதுப்பித்தலில் தொடர்கல்வி கேட்பதில்லை. ஆனால் விலக்கு என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். அதே கலிஃபோர்னியாவில் புதிய செவிலியருக்கு வழக்கமான 30 மணி நேரத்திலிருந்து விலக்கு இருக்கிறது. இருந்தும், மனதில் ஊறிய பாகுபாடுகள் பற்றிய 1 மணி நேரப் பாடத்தை முதல் 2 ஆண்டுக்குள் அவர் படித்தாக வேண்டும். விலக்குக்குக் கீழே இப்படி ஒரு வரி ஒளிந்திருப்பது சகஜம்.

படி 2: விதியை முழுவதும் படியுங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் அரை நாள் ஒதுக்கினாலும் தகும். வாரியத்தின் சொந்தத் தளத்தில்தான் படிக்க வேண்டும். பாடம் விற்கும் நிறுவனத்தின் சுருக்கத்தை நம்ப வேண்டாம். அது பழையதாக இருக்கலாம், விற்பவருக்கு வசதியான வரிகள் மட்டும் இருக்கலாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் உங்கள் விதியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

முதலில் மொத்த மணி நேரம். இது இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால்தான், அடுத்தவர் சொல்வதைக் கேட்டு நடக்கக்கூடாது என்பது புரியும். டெக்சஸ் செவிலியருக்கு 2 ஆண்டுக்கு 20 மணி, கலிஃபோர்னியா செவிலியருக்கு அதே 2 ஆண்டுக்கு 30 மணி. பிரிட்டன் செவிலியருக்கு 3 ஆண்டுக்கு 35 மணி. ஆஸ்திரேலியாவில் செவிலியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 மணி, மருத்துவருக்கு ஆண்டுக்கு 50 மணி. இந்திய மருத்துவர்களுக்கு 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் சொல்லியிருப்பது 5 ஆண்டுக்கு 30 மணி. சில இடங்களில் எண்ணே கிடையாது. பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களைப் பதிவு செய்யும் எச்சிபிசி இத்தனை மணி என்று சொல்வதில்லை. தொடர்ந்து கற்றதற்கான பதிவையும், அதனால் வேலையில் என்ன பலன் என்பதையும்தான் கேட்கிறது.

அடுத்து, கட்டாயப் பாடங்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மொத்த மணி நேரத்தை முடித்திருப்பார்கள், ஆனால் அதற்குள் இருக்க வேண்டிய ஒரு குறிப்பிட்ட பாடம் இருக்காது. பொறியாளர்களுக்கும் காப்பீட்டு முகவர்களுக்கும் அது பெரும்பாலும் தொழில் நெறி. அமெரிக்கப் பொறியாளர் வாரியங்களின் கூட்டமைப்பான என்சிஇஇஎஸ் வகுத்த மாதிரித் தரத்தில் ஆண்டுக்கு 15 மணி, அதில் 1 மணி நெறிப் பாடம். காப்பீட்டு முகவர்களுக்கு அங்கே பரவலாக இருக்கும் தரம் 2 ஆண்டுக்கு 24 மணி, அதில் 3 மணி நெறி.

கட்டாயப் பாடம் எப்போதெல்லாம் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். சில பாடங்கள் ஒவ்வொரு சுற்றிலும் வரும், சில ஒரு சுற்று விட்டு வரும், சில வாழ்நாளில் ஒரு முறை. ஃபுளோரிடா செவிலியர் மருத்துவப் பிழைகளைத் தடுப்பது பற்றிய 2 மணி நேரப் பாடத்தை ஒவ்வொரு சுற்றிலும் எடுக்க வேண்டும்; குடும்ப வன்முறை பற்றிய 2 மணி நேரப் பாடம் மூன்று சுற்றுக்கு ஒரு முறைதான். அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதித் தரும் மருத்துவர்களுக்கு 2023 ஜூன் 27 முதல் போதைப் பழக்கச் சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சி ஒரு முறை தேவை. ஒரு முறை மட்டும் கேட்கும் பாடத்தின் சான்றிதழைத் தொலைத்துவிட்டால் மறுபடி உட்கார வேண்டியதுதான். அதனால் அந்த மாதிரிச் சான்றிதழ்களுக்குத் தனி இடம் வையுங்கள்.

மூன்றாவது, நேரலையா, தானாகப் படிப்பதா என்ற கேள்வி. இணையவழிப் பாடம் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைப்போம். வாரியத்தின் பார்வையில் அப்படி இல்லை. ஆசிரியர் மறுமுனையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வெபினார் ஒரு வகை. பதிவு செய்த காணொளியை நீங்களே ஓட்டிப் பார்த்துத் தேர்வு எழுதுவது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குச் சில வாரியங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. பிரிட்டன் செவிலியர் கவுன்சில் கேட்கும் 35 மணியில் குறைந்தது 20 மணி, பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமும் ஸ்ட்ரக்சர்ட் (ஏற்பாடு செய்த வகுப்பு), அன்ஸ்ட்ரக்சர்ட் (தானாகப் படிப்பது) என்று இரண்டாகப் பிரித்துத்தான் மணி எண்ணுகிறது. என் பாதி மணி நேரம் போனது இந்த ஒரு வரியைப் படிக்காததால்தான்.

இன்னும் மூன்று சிறிய வரிகள் இருக்கும். மூன்று ஆண்டுச் சுற்றாக இருந்தாலும் ஆண்டுக்கு இத்தனை என்று குறைந்தபட்சம் உண்டா? கூடுதலாகப் படித்த நேரத்தை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாமா? சான்றிதழை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? கலிஃபோர்னியா செவிலியருக்கு 4 ஆண்டு, ஆஸ்திரேலியச் செவிலியருக்கு 5 ஆண்டு. உங்களுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: மணி என்றால் எத்தனை நிமிடம்?

விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும், ஆனால் கணக்கு இதில்தான் பிசகும். அமெரிக்கக் கணக்காளர்களுக்கு 50 நிமிடம் ஒரு கிரெடிட். கலிஃபோர்னியா செவிலியர் வாரியத்துக்கும் 50 நிமிடம் ஒரு காண்டாக்ட் ஹவர், அதாவது கணக்கில் சேரும் ஒரு மணி. வேறு இடங்களில் முழு 60 நிமிடம். சிஇயு என்று இன்னோர் அலகு இருக்கிறது. 1 சிஇயு என்பது 10 காண்டாக்ட் ஹவர். அதாவது சான்றிதழில் 0.3 சிஇயு என்று இருந்தால் அது 3 மணி நேரம். இதை 0.3 மணி என்று படிவத்தில் எழுதித் தன் நேரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, 3 சிஇயு வேண்டிய இடத்தில் 3 மணி மட்டும் படித்துவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு. விதியில் எந்த அலகு இருக்கிறதோ, அதே அலகில் உங்கள் தாளில் எழுதுங்கள்.

படி 4: நிறுவனத்தைச் சரிபாருங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள்

இப்போது தேடலாம். கையில் தாள் இருப்பதால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியும்: இத்தனை மணி நேரலை, இத்தனை மணி தானாகப் படிப்பது, இன்ன கட்டாயப் பாடம்.

நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அங்கீகாரம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, உங்கள் வாரியம் ஏற்கும் அங்கீகாரமாக இருக்க வேண்டும். அமெரிக்கச் செவிலியர்களுக்கு ஏஎன்சிசி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களைப் பெரும்பாலான மாநில வாரியங்கள் ஏற்கின்றன. மருத்துவர்களுக்கு ஏசிசிஎம்இ, மருந்தாளுநர்களுக்கு ஏசிபிஇ, கணக்காளர்களுக்கு, மாநிலக் கணக்காளர் வாரியங்களின் கூட்டமைப்பான நாஸ்பாவின் தேசியப் பட்டியல். பாடம் விற்கும் தளத்தில் இந்தச் சின்னங்கள் ஒட்டியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். சின்னத்தைப் படமாக ஒட்டுவது யாருக்கும் எளிது. அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்துக்கே போய், நிறுவனத்தின் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடுங்கள். பெயர் அங்கே இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட பாடம் உங்களுக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. இதற்கு ஏசிபிஇ வைத்திருக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நீளமான எண் உண்டு. அதில் எல் என்ற எழுத்து இருந்தால் நேரலை, எச் இருந்தால் வீட்டிலிருந்து தானாகப் படிப்பது. கடைசி எழுத்து பி என்றால் மருந்தாளுநருக்கு, டி என்றால் மருந்தக டெக்னீஷியனுக்கு. வாங்கும் முன்பே எண்ணைப் பார்த்துப் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். மற்றத் துறைகளில் இவ்வளவு தெளிவு இருக்காது. பாடத்தின் விவரப் பக்கத்தில் எந்த வகை, எத்தனை மணி, யாருக்கு, அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்ற நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேதியை மறக்க வேண்டாம். பாடங்களின் அங்கீகாரமும் காலாவதியாகும். அதற்குப் பிறகு முடித்தால் கிரெடிட் கிடைக்காது.

எந்தத் தளத்தைக் கண்டால் விலகிப் போக வேண்டும்? 30 மணி கிரெடிட்டை ஒரு மாலையில் முடிக்கலாம் என்று சொல்பவர்களிடமிருந்து. பாடத்தைத் திறக்காமலே தேர்வுக்கு அனுப்புகிறவர்களிடமிருந்து. எல்லா வாரியமும் ஏற்கும் என்று உறுதி தருபவர்களிடமிருந்து. அப்படி ஒரு உறுதியை யாராலும் தர முடியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆளோ முகவரியோ இல்லாதவர்களிடமிருந்தும்தான். பழைய தேதி போட்டுச் சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி. அதில் சிக்கினால் போவது உங்கள் உரிமம், அவர்களுடையது இல்லை.

இலவசப் பாடங்களை ஒதுக்கிவிடாதீர்கள். தொழில்முறைச் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், அரசுச் சுகாதார நிறுவனங்கள் நல்ல பாடங்களைப் பணம் வாங்காமல் தருகின்றன. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி அங்கீகாரம் பெற்ற பாடங்களை இலவசமாகவே நடத்துகிறது. நீங்கள் வேலை செய்யும் இடமும் ஏதாவது நடத்தலாம் அல்லது செலவைத் திருப்பித் தரலாம். மேலாளரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் எல்லாப் பாடமும் திறக்கும் என்ற திட்டம் நிறைய மணி நேரம் தேவைப்படுகிறவர்களுக்கு லாபம்தான். ஆனால் அது தானாகப் புதுப்பிக்கும் சந்தாவா, சந்தா முடிந்த பிறகு பழைய சான்றிதழ்களை இறக்க விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

எதைப் படிப்பது என்பதில் என் கருத்து ஒன்று. கட்டாயப் பாடங்கள் போக மீதி நேரம் உங்கள் விருப்பம். சுலபமானதைத் தேடி எடுக்கத்தான் கை போகும். அப்படிச் செய்யாதீர்கள். போன மாதம் வேலையில் எந்த இடத்தில் தயங்கி நின்றீர்கள், யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பற்றிய பாடத்தை எடுங்கள். நோயாளியோ வாடிக்கையாளரோ உங்களை நம்பி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இந்த நேரம் அவருக்காகவும் செலவாகிறது.

படி 5: உரிமத்தில் இருக்கும் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்

நம்மவர்களுக்கு இது தனித் தொல்லை. முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருக்கும். தளத்தில் கணக்குத் தொடங்கும்போது, உரிமத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். உரிம எண்ணையும் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். பாடம் முடிந்ததும் நிறுவனம் நேரடியாக வாரியத்துக்குத் தகவல் அனுப்பும் இடங்களில், எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் உங்கள் நேரம் உங்கள் கணக்கில் வந்து சேராது. வேலை மாறினால் போய்விடும் அலுவலக மின்னஞ்சலையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 6: உட்கார்ந்து படிப்பது

நேரலை வகுப்பில் திரையைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. இடையிடையே கேள்வி வரும், குறித்த நேரத்துக்குள் அழுத்த வேண்டும். கணக்காளர்களுக்கான நாஸ்பா தரத்தில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது மூன்று முறை இப்படிப் பங்கேற்றதைக் காட்ட வேண்டும். தவறவிட்டால், வகுப்பு முழுவதும் இருந்தும் கிரெடிட் குறையும். வகுப்பின் நேரம் எந்த நாட்டு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்பே நுழைந்து ஒலி கேட்கிறதா என்று சோதியுங்கள். கைபேசியில் வகுப்பைக் கேட்டால் கேள்விக்கான பொத்தான் சில செயலிகளில் தெரிவதில்லை, மடிக்கணினி நல்லது.

தானாகப் படிக்கும் பாடத்தில் வேறு விதமான காவல் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தபட்ச நேரம் ஓடும், காணொளியை முன்னால் தள்ள முடியாது, சிறிது நேரம் அசையாமல் இருந்தால் கணக்கிலிருந்து வெளியேற்றிவிடும். எழுந்து போகும் முன் சேமித்துவிட்டுப் போங்கள். கடைசியில் தேர்வு. நாஸ்பா தரத்தில் தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும், பாடத்தை வாங்கிய ஓராண்டுக்குள் முடிக்கவும் வேண்டும். வேறு துறைகளில் எண் மாறும். எத்தனை முறை திரும்ப எழுதலாம் என்பதைத் தேர்வைத் திறக்கும் முன்பே படியுங்கள்.

ஒரே நாளில் எட்டு மணி நேரம் உட்காருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மூன்றாவது மணியிலேயே கண் திரையில், மனம் வேறெங்கோ. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 30 மணி நேரம் எட்டு மாதத்துக்குள் முடிந்துவிடும், படித்ததும் நிற்கும். படிக்கும்போது ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதுங்கள்: என்ன புதிதாகத் தெரிந்தது, வேலையில் எதை மாற்றப் போகிறேன். பிரிட்டன் செவிலியர் கவுன்சில் இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. புதுப்பிக்கும்போது எழுத்தில் ஐந்து சிந்தனைக் குறிப்புகள் வேண்டும். உங்கள் வாரியம் கேட்காவிட்டாலும் எழுதி வைத்தால் பயன் உண்டு.

பாடம் முடிந்ததும் கருத்துப் படிவம் ஒன்று வரும். அதை நிரப்பாமல் மூடினால் பல தளங்களில் சான்றிதழ் வராது.

படி 7: சான்றிதழை அன்றைக்கே இறக்கிச் சரிபாருங்கள்

தளத்தில்தானே இருக்கிறது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நிறுவனங்கள் மூடப்படுகின்றன, வேறொன்றோடு சேர்கின்றன, கணக்குகள் அழிகின்றன. பிடிஎஃப் வந்ததும் திறந்து, உங்கள் முழுப்பெயர், பாடத்தின் பெயர், முடித்த தேதி, மணி நேரமும் அலகும், நிறுவனத்தின் பெயரும் அங்கீகார எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நேரலையா இல்லையா என்பதும் எழுதியிருந்தால் நல்லது. தப்பு இருந்தால் அன்றைக்கே எழுதித் திருத்தித் தரச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

கோப்புக்குத் தேதியில் தொடங்கும் பெயர் வையுங்கள்: 2025-03-14, பாடத்தின் பெயர், 2 மணி, நேரலை. பெயரைப் பார்த்தாலே எல்லாம் தெரிய வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு கோப்புறை, அதன் நகல் வேறோர் இடத்தில். கூடவே சின்னதாக ஒரு எக்செல் அட்டவணை: தேதி, பாடம், நிறுவனம், மணி, வகை, எந்தக் கட்டாயப் பாடத்துக்கு. அடியில் மொத்தம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு வரி சேர்த்தால் போதும், கடைசி மாதத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

நேரத்தை வாரியத்துக்குத் தெரிவிப்பது யார் பொறுப்பு என்பதையும் உறுதி செய்யுங்கள். ஃபுளோரிடாவில் சிஇ புரோக்கர் என்ற தளத்தில் ஏற வேண்டும். அங்கே பதிவாகாமல் புதுப்பிக்க இயலாது. அமெரிக்க மருந்தாளுநர்களுக்கு சிபிஇ மானிட்டர் என்ற தளம். பாடம் முடிந்து 60 நாளுக்குள் கிரெடிட் அங்கே ஏறியிருக்க வேண்டும். நிறுவனம் அனுப்பிவிட்டேன் என்று சொன்னாலும், ஓரிரு வாரம் கழித்து நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். வேறு பல இடங்களில் யாரும் எதையும் அனுப்புவதில்லை, நீங்கள் வைத்திருப்பதுதான் ஒரே சாட்சி.

படி 8: விண்ணப்பம்

காலாவதிக்கு 60 நாள் முன்பு படிப்பை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கெடு வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் பெரும்பாலும் ஒரு கட்டம்தான் இருக்கும்: தேவையான தொடர்கல்வியை முடித்துவிட்டேன் என்று உறுதியளிக்கிறேன். சான்றிதழைக்கூடக் கேட்காது. அது வெறும் கட்டம் போலத் தெரிந்தாலும் நீங்கள் தரும் சத்திய வாக்குமூலம் அது. அட்டவணையைத் திறந்து, படி 2-இல் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, மொத்தமும் கட்டாயப் பாடங்களும் நேரலை அளவும் பொருந்துகின்றன என்று பார்த்த பிறகே அழுத்துங்கள். கட்டணம் கட்டிய ரசீதையும் அதே கோப்புறையில் போடுங்கள். சில நாளில் வாரியத்தின் தளத்தில் புதிய தேதி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மணி நேரம் குறைந்துவிட்டால்

நோய், பிரசவம், வீட்டில் இழப்பு என்று எதுவும் நடக்கலாம். கெடு தாண்டும் முன்பே வாரியத்துக்கு எழுதுங்கள். கால நீட்டிப்போ விலக்கோ தர விதி இருக்கும் இடங்கள் பல. கெடு முடிந்த பிறகு கேட்டால் அந்த வாசல் குறுகிவிடும். வேலையிலிருந்து சில காலம் விலகியிருப்பவர்கள், உரிமத்தைச் செயல்படாத நிலைக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். அந்த நிலையில் பெரும்பாலும் தொடர்கல்வி தேவைப்படாது, ஆனால் வேலையும் செய்யக்கூடாது. செய்யக்கூடாதவை இரண்டு. முடிக்காமல் முடித்தேன் என்று கட்டத்தை அழுத்துவது ஒன்று. காலாவதியான உரிமத்தோடு ஒரு நாள்கூட வேலைக்குப் போவது இன்னொன்று. மணி நேரக் குறையைப் படித்துச் சரிசெய்துவிடலாம். பொய் சொன்னது ஒழுங்கு நடவடிக்கையாகப் பதிவேட்டில் ஏறினால் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

இரண்டு மாநிலங்களிலோ இரண்டு நாடுகளிலோ உரிமம் வைத்திருப்பவர்கள் இரண்டு விதிகளையும் தனித்தனித் தாளில் எழுதி, இரண்டுக்கும் செல்லும் பாடங்களை முதலில் எடுங்கள். மிச்சத்தைத் தனியாகப் பார்க்கலாம்.

தணிக்கைக் கடிதம் வந்தால்

வாரியங்கள் எல்லோரையும் சோதிப்பதில்லை, சிலரைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கும். எச்சிபிசி ஒவ்வொரு தொழிலிலும் 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுக்கிறது. கடிதம் வந்ததால் உங்கள் மேல் சந்தேகம் என்று பொருள் இல்லை. முதலில் அது உண்மையிலேயே வாரியத்திடமிருந்து வந்ததா என்று பாருங்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், வாரியத்தின் தளத்துக்கு நேராகப் போய் உங்கள் கணக்கில் அதே செய்தி இருக்கிறதா என்று தேடுங்கள். பதில் தரவேண்டிய கடைசி நாளை நாட்காட்டியில் குறியுங்கள். எந்தச் சுற்றைக் கேட்கிறார்கள் என்று படித்து, அந்தச் சுற்றுக்குள் தேதி விழும் சான்றிதழ்களை மட்டும் எடுங்கள். அட்டவணையை முதல் பக்கமாக வைத்து, அதே வரிசையில் சான்றிதழ்களை அடுக்கி ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். கேட்டதை மட்டும் அனுப்புங்கள், கேட்காததைச் சேர்த்தால் பார்ப்பவருக்குத்தான் சிரமம். கிடைத்தது என்று பதில் வந்ததும் அதையும் அந்தச் சுற்றின் கோப்புறையில் சேமித்துவிட்டு, வாரியம் சொன்ன ஆண்டுகள் முடியும்வரை அதை அழிக்காமல் வைத்திருங்கள்.